‘மஹங்கா’வின் பாட்டி: டர்னர் அகராதியோடு ஒரு ராத்திரி

புனேயில் காய்கறி வாங்கப் போய் நான் முதலில் கற்ற மராத்திச் சொல் ‘மஹாக்’. விலை அதிகம் என்று அர்த்தம். இந்தியில் ‘மஹங்கா’, குஜராத்தியில் ‘மோங்கு’, ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறதே என்று தேடப் போய், ரால்ஃப் டர்னர் தொகுத்த இந்தோ-ஆரிய மொழிகளின் ஒப்பீட்டு அகராதியில் மாட்டிக்கொண்டேன். 1966இல் முடிந்த புத்தகம், 14,000க்கு மேல் தலைச்சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

இந்த மூன்றுக்கும் அதில் தலைச்சொல் சமஸ்கிருத ‘மஹார்க’: மஹா என்றால் பெரிய, அர்க என்றால் விலை. (பூஜையில் விடும் அர்க்கியமும் இந்த அர்கத்தின் வழி வந்ததுதான்.) பிராகிருதத்தில், அதாவது வடக்கின் பழைய பேச்சுமொழிகளில், அந்த ‘ர்’ அடுத்த மெய்யோடு கரைந்து அதை இரட்டிக்க வைத்தது, இரட்டைக்கு முன்னால் நெடில் நிற்காது என்பதால் ‘ஹா’வும் குறுகி ‘மஹக்க’ ஆயிற்று. கடைசி எழுத்து வடக்கே மேகத்தைச் சொல்லும்போது வரும் மூச்சுக் ‘க’, நம் எழுத்தில் காட்ட வழியில்லை. அப்புறம் மராத்தி இரட்டையை ஒற்றையாக்கிவிட்டு, ஈடாக நெடிலைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்தி மூக்கொலியைச் சேர்த்துக்கொண்டது. குஜராத்தியும் மூக்கொலி சேர்த்தது, ஆனால் அந்த மூச்சை விடவில்லை.

குறை என்னவென்றால் சிக்கனம். மொழிப் பெயரெல்லாம் சில எழுத்துச் சுருக்கம், பழகாதவருக்குத் தந்தி படிப்பது போல இருக்கும். சொல்லை யார், எதைப் பற்றிச் சொன்னார்கள் என்பதும் கிடையாது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, வேறிடத்தில் தேடினேன். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியிலும் இதே ‘மஹக்க’தான். அந்த நூல்களில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் புத்தர் சொல்கிறார்: காசித் துணி புதிதானாலும் நைந்தாலும் மஹக்க, முரட்டு நார்த்துணி எப்போதும் ‘அப்பக்க’, அதாவது அற்ப விலை. துறவிகளின் குணத்துக்கு உவமை சொல்ல ஜவுளிக்கடைப் பேச்சு!

தலைச்சொற்கள் சமஸ்கிருத வடிவில் இருப்பதால் கையில் இருப்பது மராத்திச் சொல் மட்டும் என்றால் புத்தகத்தில் திண்டாட்டம்தான். அதற்காகவே டர்னரின் மனைவி டோரதி தனியாக ஒரு சொல்லடைவுத் தொகுதி போட்டார், 1969இல். இணையத்தில் தேடல் பெட்டி இருக்கிறது, கவலையில்லை.

சொல் ஆசை உள்ளவர்கள் தயங்காமல் போகலாம், தூக்கத்துக்கு நான் பொறுப்பில்லை. குஜராத்தியில் மலிவுக்கு ‘சோங்கு’ என்ற சொல் உண்டு, அதுவும் ‘சமர்க’ என்று இதே அர்கத்தில் போய் நிற்கிறது. அதைப் பார்த்தபோது மணி ஒன்றரை.