வட்டி இறங்கும்போது லைசாவை மாற்றலாமா: நீண்ட நாள் பாவனைக்குப் பின்

இங்கிலாந்து மத்திய வங்கியின் வட்டி 2024 ஓகஸ்ட் வரை 5.25 சதவீதத்தில் இருந்தது. 2025 டிசெம்பரில் அது 3.75 ஆகிவிட்டது. முதல் வீட்டுக்காக லைஃப்டைம் ஐசாவில் (சுருக்கமாக லைசா; பிரித்தானிய அரசு போனஸ் சேர்க்கும், வட்டிக்கு வரியில்லாத ஐசா வகைச் சேமிப்புக் கணக்கு) காசு சேர்க்கிறவர்கள் இப்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “என்ர கணக்கில வட்டி குறைஞ்சிட்டுது, வேற இடத்துக்கு மாத்தட்டா?” நண்பர் ஒருவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்துத் தருகிறேன். வருடம் 4,000 பவுண்ட் போடலாம், அரசு போனஸாக 1,000 சேர்க்கும் என்ற அளவுக்கு எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 20,000 பவுண்ட் வைத்திருப்பவருக்கு ஒரு சதவீத வித்தியாசம் வருடத்துக்கு 200 பவுண்ட், மாதத்துக்கு 17 கூட இல்லை. மாற்றும் அவசரத்தில், வரி வருடம் முடியும் ஏப்ரல் 5க்கு முன் போடவேண்டிய 4,000 ஐத் தவறவிட்டால் போவது 1,000 பவுண்ட் போனஸ். அதாவது ஐந்து வருட வட்டி வித்தியாசம் ஒரே நாளில் போகும். சேமிப்புக்கு 25 சதவீதம் தூக்கிக் கொடுக்கும் கணக்கு இந்த நாட்டில் அரிது. மனதார மெச்ச வேண்டிய திட்டம் இது. வட்டி அதற்குப் பின்னால் வருவதுதான்.

எனக்குத் தீராத எரிச்சல் விளம்பர வட்டியில்தான். பெரிய எழுத்தில் போடும் வீதத்துக்குள் பல இடங்களில் முதல் 12 மாதத்துக்கு மட்டுமான ஒரு மேலதிக வட்டி ஒளிந்திருக்கிறது. 13ஆம் மாதம் அது கழன்றுவிடும். அதே காலத்தில் மத்திய வங்கியும் குறைத்தால் இரண்டு இறக்கமும் ஒன்றாக விழும். புதிதாக வருகிறவருக்கு நல்ல வீதம், விசுவாசமாக இருப்பவருக்கு அடிவீதம். அதனால் உங்கள் வீதத்தை இரண்டாகப் பிரித்து எழுதி வையுங்கள்: அடிப்படை எவ்வளவு, தற்காலிகம் எவ்வளவு, அது முடியும் திகதி என்ன. புதிய இடத்தில் கேட்கவேண்டியது இன்னொன்று: அந்த வீதம் வேறு லைசாவிலிருந்து மாற்றிவரும் காசுக்கும் உண்டா, புதுக்காசுக்கு மட்டுமா? சில இடங்களில் மாற்றிவரும் காசுக்கு வீதம் வேறு.

மாற்றும் முறை இலகு, ஆனால் ஒரு விதி தலையாயது: காசை நீங்களே வெளியே எடுக்கக்கூடாது. எடுத்தால் மொத்தத்தில் 25 சதவீதம் வெட்டு. 4,000 போட்டு போனஸுடன் 5,000 ஆனதிலிருந்து 1,250 போய் 3,750 தான் கைக்கு வரும். உங்கள் சொந்தக் காசிலேயே 250 நட்டம். புதிய நிறுவனத்தில் கணக்கைத் திறந்து, அவர்களுடைய மாற்றுப் படிவத்தை நிரப்புங்கள். பழைய இடத்தோடு அவர்களே பேசிக்கொள்வார்கள். படிவம் திரும்பிவருவதற்கு வழமையான காரணம் பெயரும் விலாசமும் பொருந்தாதது. நம் பெயர்களில் தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னும் இன்னோரிடத்தில் பின்னும் இருக்கும். வீடு மாறியபோது பழைய கணக்கில் விலாசத்தை மாற்றாமலும் விட்டிருப்போம். அதைத் திருத்திவிட்டு அனுப்பினால் அரைவாசித் தலையிடி இல்லை.

மாற்றி முடிக்கப் பண ஐசாக்களுக்கு (கேஷ் ஐசா) 15 வேலைநாள், மற்றவற்றுக்கு 30 நாள் என்று அரசு சொல்கிறது. லைசாவுக்கு 30 நாள் என்றே திட்டமிடுங்கள். இடையில் பழைய கணக்கில் பூச்சியம், புதியதிலும் பூச்சியம் என்று சில நாள் தெரியும். பதறவேண்டாம். ஆனால் வழியில் நிற்கும் நாட்களுக்கு வட்டி யார் தருவது என்று முன்கூட்டியே கேளுங்கள். 20,000 பவுண்ட் 4 சதவீதத்தில் மூன்று வாரம் வட்டியில்லாமல் நின்றால் கிட்டத்தட்ட 46 பவுண்ட். சிறு வித்தியாசத்துக்காக மாறுபவருக்கு இலாபத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும்.

போனஸ் உடனே வராது. மாதக் கணக்கு 6ஆம் திகதி தொடங்கி அடுத்த மாதம் 5ஆம் திகதி முடிகிறது, அதன்பின்தான் நிறுவனம் வரித்திணைக்களத்திடம் கோரும். போட்ட நாளிலிருந்து நான்கு முதல் ஒன்பது வாரம் ஆகலாம். காசு போட்ட கையோடு மாற்றினால் போனஸ் பழைய இடத்துக்குப் போய்ச் சுற்றிவரும். போனஸ் விழுந்தபின் மாற்றுவதே நிம்மதி.

ஒரு வரி வருடத்தில் ஒரு லைசாவுக்குத்தான் காசு போடலாம். ஒரே வகையில் பல கணக்குகளுக்குப் போடலாம் என்று 2024 ஏப்ரலில் மற்ற ஐசாக்களுக்கு வந்த தளர்வு இதற்கு இல்லை. இந்த வருடம் பழையதில் ஏற்கெனவே போட்டிருந்தால், மாற்றம் முழுவதும் முடிந்தபின்தான் மிச்சத்தைப் புதியதில் போடவேண்டும். மார்ச் மாதத்தில் மாற்றத் தொடங்காதீர்கள். பழையதிலேயே 4,000 ஐயும் நிரப்பி, போனஸ் வந்ததும், ஏப்ரல் 6க்குப் பிறகு மாற்றுங்கள். மாற்றிவரும் தொகை புதுவருடத்தின் 4,000 இல் சேராது. வீடு வாங்க எடுப்பதற்கு முதல் காசு போட்டு 12 மாதம் ஆகியிருக்கவேண்டும் என்ற கணக்கும் கூடவே வரும், திரும்பத் தொடங்காது. பழைய ஹெல்ப் டு பை ஐசாவிலிருந்து (முதல் வீட்டுக்கென முன்பு இருந்த அரச சேமிப்புத் திட்டம்) லைசாவுக்கு வருவது மட்டும் அந்த 4,000 க்குள் சேரும்.

வீடு பார்த்து விலை பேசத் தொடங்கிவிட்டால் வட்டியை மறந்துவிடுங்கள். சொலிசிட்டர் (வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் சட்டத்தரணி) கேட்டபின் காசு அவர் கைக்குப் போக 30 நாள்வரை ஆகலாம், போனபின் 90 நாளுக்குள் வாங்கி முடிக்கவேண்டும். காசு வழியில் நிற்கும்போது விற்பவர் காத்திருக்கமாட்டார்.

இவ்வளவு புகழ்ந்தும், லண்டனில் இரண்டு அறை வீடு தேடும் தம்பதிக்கு இதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. லைசாக் காசில் வாங்கும் வீட்டுக்கு 450,000 பவுண்ட் என்ற விலை எல்லை 2017இல் போட்டது, இன்றுவரை அசையவில்லை. இருவரும் லைசா வைத்திருந்தாலும் எல்லை அதேதான். ஒரு பவுண்ட் கூடினாலும் அந்த 25 சதவீத வெட்டுத்தான். மிட்லண்ட்ஸில், வடக்கில் வாங்குகிறவர் தயங்கவே வேண்டாம்.

நம்மவர்கள் வட்டிக்கு முதல் பார்க்கவேண்டியது ஊர்க்காரியம். லைசாக் காசில் வீடு வாங்குகிறவருக்கு உலகத்தில் எங்கேயும் வீடு சொந்தமாக இருந்திருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதிய வீடும், தாய் தகப்பனிடமிருந்து வந்த வீட்டில் ஒரு பங்கும் இதில் அடங்கும். அப்படி ஏதும் உங்கள் பெயரில் இருந்தால், எந்த நிறுவனம் எவ்வளவு வட்டி தந்தாலும் அந்தக் காசு 60 வயதுவரை வெட்டில்லாமல் வெளியே வருவது கடினம். 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் லைசாவுக்குப் பதிலாக முதல் வீட்டுக்கென ஒரு புதிய ஐசாவைக் கொண்டுவருவது பற்றி ஆலோசனை நடத்தப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். அதைக் காரணம் காட்டி இந்த வருட 4,000 ஐப் போடாமல் விடாதீர்கள்.