சிம் லிம்மில் கட்டிய எடிட்டிங் கம்ப்யூட்டர், மூன்று வருடம் கழித்து

2022 நவம்பரில் சிங்கப்பூரின் கம்ப்யூட்டர் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் பாகம் பாகமாகப் பொறுக்கிக் கட்டிய டெஸ்க்டாப். மூன்று வருடம் தாண்டிவிட்டது. வாங்கிய வாரத்திலேயே எழுதியிருந்தால் "வேகமா இருக்கு, சத்தமே இல்லை" என்பதோடு முடித்திருப்பேன். இப்போது எழுதக் காரணம், தெரிந்தவர்கள் என்னிடம் எந்த பிராசசர் போடலாம், எந்த கிராஃபிக்ஸ் கார்டு போடலாம் என்று கேட்கிறார்களே தவிர, யாரிடம் கட்டலாம் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

வாரநாளில் அலுவலக வேலை, சனி ஞாயிறில் கல்யாணம், வளைகாப்பு, பரதநாட்டிய அரங்கேற்றம் என்று வீடியோ எடுக்கிறேன். என்னுடையது சோனி கேமரா, 4கே, 10 பிட், 4:2:2 (நிறத் தகவலை அதிகம் வைத்திருக்கும் பதிவு முறை), எச்265 (ஃபைலை நன்றாகச் சுருக்கும் முறை). அரங்கேற்ற மேடையில் ஒரு பாட்டுக்குச் சிவப்பு விளக்கு, அடுத்ததற்குப் பச்சை என்று மாறிக்கொண்டே இருக்கும், பட்டின் நிறமும் முகத்தின் நிறமும் கெடாமல் பிறகு சரிசெய்ய அந்தக் கூடுதல் நிறத் தகவல் வேண்டும். ஆனால் அதே ஃபைலை டைம்லைனில் போட்டால் பழைய லேப்டாப் திணறும். ராத்திரி முழுக்க பிராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் சின்னதாக்கிய நகல், போட்டுவிட்டுத் தூங்கி, காலையில்தான் வேலையைத் தொடங்குவேன்.

முதலில் போன கடையில் நான் பட்ஜெட்டைச் சொல்லி இரண்டு நிமிடத்துக்குள் விலைப்பட்டியல் வந்துவிட்டது. ஐ7 12700எஃப் பிராசசர், எச்610 மதர்போர்டு, 32 ஜிபி ராம், 3060 கார்டு, 1 டிபி எஸ்எஸ்டி, 650 வாட் கோல்டு பவர் சப்ளை. மொத்தம் 1,950 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்தபோதுதான் பிராசசர் தவிர ஒரு வரியில்கூட முழு மாடல் பெயர் இல்லை என்பது உறைத்தது. வெறும் "3060" என்றால் எது? ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி உண்டு, அந்தச் சமயம்தான் 8 ஜிபி ஒன்றும் வந்திருந்தது, அதன் மெமரி பஸ் (மெமரிக்குத் தகவல் போய்வரும் பாதை) 192 பிட்டிலிருந்து 128ஆகக் குறைக்கப்பட்டது, வேகமும் குறைவு. 32 ஜிபி ராம் ஒரே குச்சியா, இரண்டா? ஒன்று என்றால் சிங்கிள் சேனலில்தான், அதாவது ஒரே பாதையில் மெதுவாகத்தான், ஓடும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் லா இருக்கிறது, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், ஒப்புக்கொண்ட பொருளுக்கு மாறாக வேறொன்றைக் கொடுத்தாலும் கேட்கலாம். ஆனால் ரசீதில் "3060" என்று மட்டும் இருந்தால் எதைக் காட்டி, என்னவென்று கேட்பது?

அடுத்த வாரம் மேல் தளத்தில் ஒரு சின்னக் கடை. வயதான சீன அங்கிள், பின்னால் உட்கார்ந்து கட்டுவதும் அவரேதான். அவர் பேப்பரையே எடுக்கவில்லை. என்ன வேலை செய்கிறாய், எந்தக் கேமரா, எந்த ஃபார்மட்டில் ரெக்கார்டு பண்ணுகிறாய், எடிட் பண்ணும்போது ஏர்கான் போடுவாயா, மேசை எந்த அறையில் என்று வரிசையாகக் கேட்டார். கேமரா மெனுவை ஃபோனில் படமெடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். பார்த்த உடனே சொன்னார், "எஃப் வேண்டாம்."

காரணம் இதுதான். 12700எஃப்பில் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. எஃப் இல்லாத 12700இல் உண்டு, அதோடு சேர்ந்து வீடியோவைக் கையாளும் இன்டெலின் குவிக் சிங்க் என்ற பகுதியும் வரும். எச்265 4:2:2 10 பிட் வீடியோவை ஹார்டுவேரிலேயே பிரித்துக் காட்டும் வேலையை 3060 செய்யாது, அன்றைக்கு இருந்த என்விடியா கார்டு எதுவுமே செய்யாது, குவிக் சிங்க் செய்யும். கார்டு போடுகிறோமே, உள்ளே எதற்கு இன்னொரு கிராஃபிக்ஸ் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விலை வித்தியாசம் சில பத்து வெள்ளி. அந்த ஒரு எழுத்தை அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் புது மெஷினிலும் நான் பிராக்ஸி போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

எச்610க்குப் பதில் பி660 போர்டு, நான்கு ராம் ஸ்லாட், எஸ்எஸ்டி செருக இரண்டு எம்.2 ஸ்லாட். கார்டு 3060 12 ஜிபி. எத்தேரியம் கிரிப்டோ நாணயம் அந்த செப்டம்பரில் கார்டு வைத்துச் செய்யும் மைனிங்கை விட்டதால் கார்டு விலை இறங்கியிருந்தது. மொத்தம் 2,180 வெள்ளி, கட்டும் கூலி 60 அதில் சேர்த்தி. பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1 முதல் 7இலிருந்து 8 விழுக்காடு ஆகப்போகிறது என்பதால் தள்ளிப்போடவில்லை. ரசீதில் ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடலும் சீரியல் எண்ணும் இருந்தன. வாங்கிக்கொண்டு தேக்கா வரைக்கும் நடந்து போய் ஒரு டீ குடித்தது இன்னும் நினைவிருக்கிறது, அவ்வளவு நிம்மதி.

முதல் வருடம் வேலையில் குறையே இல்லை. எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ வாங்கினேன், ஒரே முறை 295 அமெரிக்க டாலர், ஆண்டுச் சந்தா கிடையாது. மூன்று கேமரா அரங்கேற்றம் பிராக்ஸி இல்லாமல் ஓடுகிறது.

சூடுதான் நான் படித்த பாடம். இந்த 12700க்கு அடிப்படை 65 வாட், உச்சத்தில் 180 வரை இழுக்கும், பல போர்டுகள் அந்த உச்சத்திலேயே ஓடும்படி விட்டுவிடும். எங்களுடையது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சின்ன அறை, பகலில் ஏர்கான் போடுவதில்லை. அங்கிள் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் பகுதி) 125 வாட்டுக்குக் கட்டிப்போட்டுக் கொடுத்தார், ரெண்டரில் கொஞ்சம்தான் நேரம் கூடும், அறை வேகாது. அவர் சொல்லி நான் கேட்காத ஒன்று கேஸ். முன்பக்கம் கண்ணாடி வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கினேன். முன்பக்கம் காற்று போகும் வலை வைத்த வலைமுகம் வாங்கு, இந்த ஊர் வெயிலுக்குக் கண்ணாடி ஆகாது என்றார். நீண்ட ரெண்டரில் 90 டிகிரியைத் தொட்டது. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு 110 வெள்ளிக்கு வலைமுகக் கேஸ் வாங்கி, அவரிடமே கூலி கொடுத்து மாற்றினேன். அதே வேலைக்கு 12 டிகிரி குறைந்தது.

அப்புறம் சாம்பிராணி. மேசை சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது, வெள்ளிக்கிழமைதோறும் புகை. ஃபேனில் படிவது வெறும் தூசி இல்லை, பிசுபிசுப்பான பழுப்புப் படலம், ஊதினாலும் போகாது, துடைத்துத்தான் எடுக்க வேண்டும். மேசையை மறுபக்கம் நகர்த்திவிட்டோம். ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவி நன்றாகக் காயவைத்துப் போடுகிறேன்.

பதினான்காவது மாதத்தில் மெஷின் நீலத்திரை காட்டி நின்றுபோக ஆரம்பித்தது. அங்கிளிடம் தூக்கிக்கொண்டு போனேன், ஒவ்வொரு ராம் குச்சியாகக் கழற்றிச் சோதித்து ஒன்று கெட்டுவிட்டது என்றார். உள்ளூர் ஏஜண்டின் வாரண்டி ஸ்டிக்கர் இருந்ததால் அவரே அனுப்பி ஒன்பது நாளில் புதிது வாங்கித் தந்தார், அதுவரை ஓட்டத் தன்னிடமிருந்த ஒரு குச்சியையும் போட்டுவிட்டார். வெளிநாட்டுத் தளத்தில் பத்து இருபது வெள்ளி குறைவு என்று நான் பார்த்து வைத்திருந்ததும் அதே ராம்தான், அங்கே வாங்கியிருந்தால் தபால் செலவும் காத்திருப்பும் என் தலையில்.

2024இல் இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை சிப்கள் நிலைகுலைகிற செய்தி பெரிதாக வந்தபோது, என்னுடையது 12ஆம் தலைமுறை, அந்தப் பட்டியலில் இல்லை, இருந்தாலும் பயத்தில் பயாஸை அப்டேட் செய்தேன். மறுநாள் வீடியோ பழையபடி திக்கியது. இரண்டு இரவு தேடியும் பிடிபடவில்லை. வாட்ஸப்பில் கேட்டதும் அங்கிளிடமிருந்து உடனே பதில்: பயாஸில் ஐஜிபியூ மல்டி மானிட்டரை மறுபடி ஆன் பண்ணு. அப்டேட்டில் எல்லா செட்டிங்கும் அழிந்து, கார்டு இருக்கிறது என்று போர்டு, பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸை (அதுதான் ஐஜிபியூ) அணைத்துவிட்டது. ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கும் 125 வாட் எல்லையும்கூடப் போயிருந்தன. இப்போது மூன்று பக்கத்தையும் படமெடுத்து ஃபோனில் வைத்திருக்கிறேன். நீங்களும் கட்டி வாங்கிய அன்றே எடுத்து வையுங்கள்.

அதே வருடக் கடைசியில் இன்னும் இரண்டு குச்சி சேர்த்து 64 ஜிபி ஆக்கினேன். நான்கும் சேர்ந்து 3600 வேகத்தில் நிலையாக ஓடவில்லை, 3200க்கு இறக்கியதும் சரியாக ஓடியது, எடிட்டிங்கில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்க்கும்போது முன்பே வாங்கியது நல்லதாயிற்று.

இன்று வாங்குபவர்களுக்கு எஃப் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது, 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 4:2:2 வீடியோவைத் தானே பிரிக்கிறது. என் மெஷினில் இப்போதைக்கு எதையும் மாற்றப்போவதில்லை. மாற்றினால் முதலில் கார்டுதான், அதற்கு இதிலிருக்கும் 650 வாட் பவர் சப்ளை போதுமா என்பதை அங்கிளிடமே கேட்டுக்கொள்வேன்.