பேக்கப்பிசி ரொம்ப நாளா ஓட்டுறேன்: சாஃப்ட்வேர் தங்கம், யூசர் பெர்மிஷன்தான் உயிரை வாங்கும்

லினக்ஸ்ல இலவசமா பேக்கப் வேணும்னு யாராவது கேட்டா நான் இன்னும் பேக்கப்பிசிதான் சொல்லுவேன். 2001லேர்ந்து இருக்கு, பெர்ல்ல எழுதினது, ஒரு சர்வர்ல போட்டுட்டா மத்த மெஷின்ல ஏஜென்ட்னு தனியா எதுவும் போட வேண்டாம், எஸ்எஸ்எச் (வேற மெஷின்ல பாதுகாப்பா நுழையற வழி) மேல ஆர்சிங்க் (ஃபைல் காப்பி பண்ற கருவி) இல்லன்னா சாம்பா (விண்டோஸ் ஷேர்) வழியா அதுவே போய் இழுத்துட்டு வந்துரும், ஒரே ஃபைல் பத்து மெஷின்ல இருந்தாலும் டிஸ்க்ல ஒரு காப்பிதான் உக்காரும். வருஷக்கணக்கா எங்க சின்ன ஆபீஸ்ல ஓடுது. இதுவரைக்கும் வந்த தலைவலி முக்கால்வாசி பேக்கப்பால வந்ததில்ல, "இத எந்த யூசர் ஓட்டுறான், அவனுக்கு எத தொட உரிமை இருக்கு"ங்கிற ஒரே கேள்வியால வந்ததுதான்.

டெபியன், உபுண்டுல ஆப்ட் போட்டு இன்ஸ்டால் பண்ணா பேக்கப்பிசிங்கிற பேர்ல ஒரு சிஸ்டம் யூசர அதுவே உருவாக்கிக்கும். அதோட நிக்காது, வெப் பக்கத்துல லாகின் பண்ண இன்னொரு யூசர், அதுக்கும் பேரு பேக்கப்பிசிதான், ஆனா அது வெப் சர்வரோட லாகின் லிஸ்ட்டான எச்டிபாஸ்வேர்டு ஃபைல்ல இருக்கிற வெறும் பேரு, லினக்ஸ் அக்கவுண்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அப்புறம் ஒவ்வொரு மெஷின்லயும் போய் உள்ள நுழையறதுக்கு ஒரு யூசர், டீஃபால்ட்டா அது ரூட், அதாவது எல்லா உரிமையும் உள்ள யூசர். மூணும் வேற வேற ஆளு. புதுசா போடறவங்க வெப் பாஸ்வேர்ட மாத்தறேன்னு லினக்ஸ் யூசர் பாஸ்வேர்ட மாத்திட்டு உக்காந்திருப்பாங்க, இது நான் பாத்த வரைக்கும் எல்லா இடத்துலயும் நடக்குது. இன்ஸ்டால் நடக்கும்போது வெப் பாஸ்வேர்டு ஒரு தடவ ஸ்க்ரீன்ல வரும், அத விட்டுட்டா எச்டிபாஸ்வேர்டு கமாண்ட் போட்டு புதுசா வெச்சுக்கணும், அவ்ளோதான்.

அடுத்து எஸ்எஸ்எச். நம்ம அக்கவுண்ட்லேர்ந்து கிளையன்ட் மெஷினுக்கு, அதாவது எதோட டேட்டாவ பேக்கப் எடுக்கிறோமோ அந்த மெஷினுக்கு, போனா ஜம்முனு போகும், பேக்கப் மட்டும் ஃபெயில் ஆகும். ஏன்னா போறது நாம இல்ல, பேக்கப்பிசி யூசர். அவனுக்கு தனி கீ (பாஸ்வேர்டுக்கு பதிலா காட்டற ஃபைல்) வேணும், அந்த மெஷின ஏற்கனவே தெரியும்னு சொல்ற நோன்-ஹோஸ்ட்ஸ் ஃபைலும் அவன் ஹோம் ஃபோல்டர்லயே இருக்கணும். இல்லன்னா எஸ்எஸ்எச் "யெஸ்ஸா நோவா"ன்னு கேட்டு நிக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு அதுக்கு பதில் சொல்ல அங்க யார் இருக்கா? பழைய 3வது வெர்ஷன்ல இதுக்கு வர்ற எரர் "4 பைட் படிக்க முடியல"ன்னு இருக்கும், அத வெச்சு என்னத்த கண்டுபிடிக்கிறது. அதனால எப்பவுமே சூடோ-யூ (இன்னொரு யூசரா கமாண்ட் ஓட்ட விடறது) போட்டு பேக்கப்பிசி யூசராவே மாறி, கையால ஒரு தடவ எஸ்எஸ்எச் அடிச்சு பாக்கணும். பாதி பிரச்சனை அங்கயே தெரிஞ்சிரும்.

ரூட்டா உள்ள விடறதான்னு ஒரு தயக்கம் இருக்கும், நியாயம்தான். 2015ல வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.0லேர்ந்து டீஃபால்ட்டா ரூட்டுக்கு பாஸ்வேர்டு லாகின் கிடையாது, கீ இருந்தா விடும், அதனால சிலர் அப்படியே விட்டுடறாங்க. நான் கிளையன்ட்ல சாதா யூசர் ஒண்ணு வெச்சு, சூடோயர்ஸ்ல (யார் எத ரூட்டா ஓட்டலாம்ங்கிற லிஸ்ட்) ஆர்சிங்க்க மட்டும், அதுவும் --server, --sender (படிச்சு அனுப்பற பக்கம்)ங்கிற ரெண்டு ஆப்ஷனோட ஆரம்பிச்சா மட்டும் பாஸ்வேர்டு கேக்காம விடுன்னு எழுதி வெச்சிருக்கேன். இதனால பெரிய பாதுகாப்பு வந்துருச்சுன்னு நெனச்சுக்க வேண்டாம், அந்த கீ வெளிய போனா மெஷின்ல இருக்கிற எந்த ஃபைலையும் படிக்கலாம், பாஸ்வேர்டு விவரம் இருக்கிற ஷேடோ ஃபைல் உட்பட. பேக்கப்புன்னாலே எல்லாத்தையும் படிக்கிற வேலைதானே, அதுல தப்பிக்க வழி இல்ல. வழக்கமான வழில எழுத முடியாது, அந்த அளவுக்குத்தான் லாபம்.

வெப் பக்கத்துல "ராங் யூசர், என் யூசர்ஐடி 33"ன்னு ஒரு எரர் வந்தா பயந்துறாதீங்க. டெபியன்ல 33ங்கிறது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, அதாவது வெப் சர்வரான அப்பாச்சியோட யூசர். அந்த வெப் பக்கத்த ஓட்டற சிஜிஐ ஃபைல்ல செட்யூஐடி பிட் (ஃபைலோட ஓனர் பேர்ல ஓட வைக்கிற குறி) இருக்கணும், அப்பதான் அப்பாச்சி கூப்பிட்டாலும் அது பேக்கப்பிசி யூசரா ஓடும். யாராவது "பெர்மிஷன் எல்லாம் சரி பண்றேன்"னு சௌன் (ஓனர மாத்தற கமாண்ட்) அடிச்சா அந்த பிட் சத்தமில்லாம போயிரும், கர்னலே அழிச்சிரும், அதனால சௌன் முதல்ல, சிஎச்மாட் (பெர்மிஷன் வைக்கிற கமாண்ட்) பின்னாடி.

இப்ப நெஜமான வில்லன். டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, ஓஎஸ் மட்டும் புதுசா போடறோம்னு வெச்சுக்கோங்க. பேக்கப்பிசிய திரும்ப இன்ஸ்டால் பண்ணி பழைய டேட்டா டிஸ்க்க மவுன்ட் பண்ணா (ஒரு ஃபோல்டர்ல இணைச்சா) சர்வீஸ் ஸ்டார்ட்டே ஆகாது. பாத்தா எல்லா ஃபைலுக்கும் ஓனர் சம்பந்தமே இல்லாத வேற ஏதோ சர்வீஸ் யூசர்! டிஸ்க்குக்கு பேர் தெரியாது, நம்பர்தான் தெரியும். டெபியன் சிஸ்டம் யூசருக்கு 100லேர்ந்து காலியா இருக்கிற நம்பர வரிசையா குடுக்கும், போன தடவ எந்த பேக்கேஜ் முன்னாடி போட்டோம், இந்த தடவ எது முன்னாடிங்கிறத பொறுத்து நம்பர் மாறிரும். மொத்த டிஸ்க்குக்கும் சௌன் அடிக்கலாம், ஆனா 3வது வெர்ஷன் காலத்து பூல்ல (பேக்கப் ஃபைல் எல்லாம் சேர்ற இடம்) லட்சக்கணக்குல ஹார்ட்லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பேரு) இருக்கும், டீ குடிச்சிட்டு வர்ற நேரத்துல முடியற வேலை இல்ல அது. நல்ல வழி என்னன்னா பேக்கேஜ் போடறதுக்கு முன்னாடியே பழைய யூஐடி, ஜிஐடி (யூசர், குரூப்) நம்பர குடுத்து அதே பேர்ல சிஸ்டம் யூசர கையால உருவாக்கிடறது, இன்ஸ்டாலர் இருக்கிற யூசரையே எடுத்துக்கும். நான் அந்த நம்பர சர்வர் பொட்டி மேல மார்க்கர்ல எழுதியே வெச்சிருக்கேன், சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.

புது டிஸ்க் மாட்டினாலும் இதே வகைதான். மவுன்ட் பண்றதுக்கு முன்னாடி காலி ஃபோல்டருக்கு ஓனர மாத்தி பிரயோஜனமில்ல, மவுன்ட் ஆனதும் டிஸ்க்கோட சொந்த மேல்மட்ட ஃபோல்டர்தான் மேல வரும், அதுக்கு ஓனர் ரூட் யூசர். 3வது வெர்ஷன்ல இந்த இடத்துல வர்ற எரர் மெசேஜ் ஒரு அழகு: வேற ஃபைல்சிஸ்டமா இருக்கலாம், ஹார்ட்லிங்க் சப்போர்ட் இல்லாம இருக்கலாம், ஃபோல்டரே இல்லாம இருக்கலாம், பெர்மிஷனா இருக்கலாம், டிஸ்க் ஃபுல்லா இருக்கலாம்னு ஒரே வரில எல்லாத்தையும் சொல்லிட்டு போயிரும். 2017ல 4.0 வந்தப்புறம் பூலுக்கு ஹார்ட்லிங்க் தேவைப்படல, டெபியன் 11லேர்ந்து அந்த 4தான் வருது, ஆனா ஓனர் பிரச்சனை அப்படியேதான் இருக்கு.

நாஸ்ல (நெட்வொர்க்ல இருக்கிற டிஸ்க் பொட்டி) என்எஃப்எஸ்ங்கிற ஷேர் வழியா டேட்டா வைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, ரூட்டா இருந்து சௌன் அடிச்சாலும் "அனுமதி இல்ல"ன்னு வரும், ரூட் ஸ்குவாஷ்ங்கிற செட்டிங் ரூட்ட, உரிமை எதுவும் இல்லாத நோபடி யூசரா மாத்திரும். நாஸ் பக்கத்துலயே அந்த யூஐடிக்கு ஃபோல்டர குடுத்துடுங்க. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட்ங்கிற விண்டோஸ் வகை யூஎஸ்பி டிஸ்க்ல வைக்கலாமான்னு கேக்காதீங்க, லினக்ஸ் ஓனர் விவரம் அதுல ஒழுங்கா நிக்காது.

இத்தன தொல்லை எதுக்கு, ரூட்டாவே ஓட விட்டா என்னன்னு கேப்பாங்க. கான்ஃபிக்ல யூசர் வெரிஃபைய (சரியான யூசராத்தான் ஓடுதான்னு பாக்கறது) ஆஃப் பண்ணிட்டு அப்படி ஓட்டறவங்களும் இருக்காங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, எல்லா மெஷினோட டேட்டாவும் கீயும் ஒரே இடத்துல இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு வெப் பக்கம் வேற.

கடைசியா, நான் மேல சொன்ன சூடோ வரிய அப்படியே எடுத்து போடறவங்க இதையும் தெரிஞ்சுக்கணும். பேக்கப் ஓடும், ஆனா வெப்லேர்ந்து நேரடி ரீஸ்டோர் அடிச்சா ஃபெயில் ஆகும், ஏன்னா ரீஸ்டோருக்கு ஆர்சிங்க் --sender ஆப்ஷன் இல்லாம ஓடணும், அத நாம விடல. நான் வேணும்னுதான் அப்படி விட்டிருக்கேன். ரீஸ்டோர் தேவைன்னா டார் ஃபைலா டவுன்லோட் பண்ணி, அந்த மெஷின்ல ரூட்டா உக்காந்து நியூமெரிக்-ஓனர் ஆப்ஷன் (பேர விட்டு நம்பர வெச்சே ஓனர வைக்கிறது) போட்டு விரிச்சுக்கறேன். ஜிப்பா எடுக்காதீங்க, ஓனர் விவரம் அதுல வராது.