ஃபயர்: பார்க்க வந்தவர்கள் வேறு, உடைக்க வந்தவர்கள் வேறு

தீபா மேத்தாவின் 'ஃபயர்' படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் ஏராளம், முழுசாக உட்கார்ந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தியேட்டரை உடைத்தார்கள், சிவசேனை கலாட்டா செய்தது, ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும் நடித்தது, ரகுமான் இசை, இதுவரைக்கும் பலருக்குத் தெரியும். சரி, படம் எப்படி என்று கேட்டால் பதில் வராது. நல்ல படம், சில இடங்களில் மிக மிக நல்ல படம். ஆனால் பெரிய குறை ஒன்றும் இருக்கிறது, அந்தக் குறையைப் பற்றி நிதானமாகப் பேசவிடாமல் செய்ததுதான் அந்தக் கலாட்டா செய்த இன்னொரு கெடுதல் என்று நினைக்கிறேன்.

கதை நடப்பது டெல்லி லாஜ்பத் நகரில் ஒரு கூட்டுக் குடும்பத்தில். சாப்பாட்டுக் கடையும் வீடியோ கேசட் வாடகைக் கடையும் சேர்ந்த பிழைப்பு. மூத்தவர் அசோக் (குல்பூஷண் கர்பந்தா), அவர் மனைவி ராதா (ஷபானா). ராதாவுக்குக் குழந்தை பிறக்காது என்று தெரிந்த பிறகு அசோக் ஒரு சாமியாரிடம் போய்ச் சேர்கிறார், ஆசைதான் எல்லாத் துன்பத்துக்கும் காரணம் என்று 13 வருடமாக மனைவியைத் தொடுவதில்லை. அதோடு விட்டாலும் பரவாயில்லை, தன் மன உறுதியைச் சோதித்துப் பார்ப்பதற்காக அவளைப் பக்கத்தில் வந்து அசையாமல் படுக்கச் சொல்வார். தம்பி ஜதினுக்கு (ஜாவேத் ஜாஃப்ரி) ஜூலி என்று சீன வம்சாவளிக் காதலி ஒருத்தி இருக்கிறாள், வீட்டு வற்புறுத்தலுக்காக சீதாவை (நந்திதா தாஸ்) கட்டிக்கொண்டு வந்துவிட்டு, இன்னமும் ஜூலி வீட்டிலேயே கிடக்கிறான். இவர்களுக்கு நடுவில் பக்கவாதத்தில் பேச்சுப் போன மாமியார் பீஜி, கையிலிருக்கும் மணியை அடித்துத்தான் யாரையும் கூப்பிட முடியும். அப்புறம் வேலைக்காரன் முண்டு. ஒரே அடுக்களையில் நாள் முழுக்க நிற்கும் ஓரகத்திகள் இருவரும் மெதுமெதுவாக ஒருவர்மேல் ஒருவர் காதல் கொள்வதுதான் படம்.

இந்தப் படத்தின் பலம் அந்த 'மெதுமெதுவாக' என்பதில்தான் இருக்கிறது. நம் வீடுகளில் பெண்கள் ஒருவரை ஒருவர் தொடுவதை யாரும் கவனிப்பதே இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவார்கள், பின்னிவிடுவார்கள், கால் பிடித்துவிடுவார்கள், ஒரே பாயில் படுத்துத் தூங்குவார்கள், அதெல்லாம் குடும்பப் பாங்கு என்று கணக்கு. தீபா மேத்தா காதலை அந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார். குடும்பமாகப் பூங்காவுக்குப் போய்ச் சாப்பிடும் ஒரு காட்சி வரும். எல்லோர் முன்னாலும் சீதா ராதாவின் பாதங்களைப் பிடித்துவிடுகிறாள், ராதாவின் முகம் மாறிக்கொண்டே போகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அசோக் அதைப் பார்த்து இவ்வளவு நல்ல குடும்பம் வாய்த்தது என் பாக்கியம் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். அவர் கண்ணெதிரேதான் எல்லாம் நடக்கிறது, ஆனால் அவருக்கு அது மருமகள் செய்யும் பணிவிடையாக மட்டுமே தெரிகிறது. நூறு பக்கம் எழுதினாலும் சொல்ல முடியாததை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. கர்வா சௌத் விரதத்தன்று புருஷனுக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருக்கும் சீதாவுக்கு, ஜதின் வராததால் ராதாவே தண்ணீர் கொடுத்து விரதத்தை முடித்து வைக்கும் இடமும் அப்படித்தான். சடங்கு அதேதான், ஆள் மட்டும் மாறுகிறது, இருவருக்கும் அது புரிகிறது.

ஷபானாவின் நடிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் பாதி முழுக்க முகத்தில் எதுவும் காட்டாமல் இருப்பதுதான் ராதாவின் பழக்கம், அந்தப் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போவதை அவர் கண்ணிலும் தோளிலும் மட்டுமே காட்டுகிறார். நந்திதா வேறு ரகம், துறுதுறுவென்று, கணவனின் பேண்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஆடுகிற பெண். நமக்கு இவரை 'அழகி'யின் தனலட்சுமியாகத்தான் தெரியும், 2002இல் தமிழ்நாடே அந்த தனலட்சுமிக்காகக் கண்ணீர் விட்டது. அதற்குச் சில வருடம் முன்னால் இப்படி ஒரு வேடத்தில்தான் அவர் கவனம் பெற்றார் என்பது எவ்வளவு பேருக்குத் தெரியும்? ரகுமானின் இசையைப் பற்றியும் ஒரு வார்த்தை: 'பம்பாய்' படத்தின் அந்தப் புல்லாங்குழல் தீம் இங்கேயும் வருகிறது. தமிழ்க் காது உடனே கண்டுபிடித்துவிடும், சில நொடி கவனம் வேறு படத்துக்குப் போய்விடுகிறது, அப்புறம் திரும்பி வந்துவிடலாம்.

குறைகளில் சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கப்பட்டதே ஆங்கிலத்தில். லாஜ்பத் நகர் அடுக்களையில் ஓரகத்திகள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வது பல இடங்களில் ஒட்டவில்லை, சில வசனங்கள் எழுதி வைத்துப் படிப்பது போல இருக்கின்றன. முண்டுவைப் படம் நடத்தும் விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. பீஜியின் எதிரிலேயே ஆபாச கேசட் போட்டுப் பார்க்கிறவனாக, காட்டிக்கொடுப்பவனாக மட்டும் அவன் வருகிறான், அந்த வீட்டில் எல்லோருடைய ஏக்கத்தையும் இரக்கத்தோடு பார்க்கிற படம் வேலைக்காரனின் ஏக்கத்தை மட்டும் அருவருப்பாகக் காட்டுகிறது.

பெரிய குறைக்கு வருகிறேன். ராதாவும் சீதாவும் ஏன் காதலிக்கிறார்கள் என்ற கேள்விக்குப் படம் வைத்திருக்கும் பதில், கணவர்கள் சரியில்லை. ஒருவர் தொடமாட்டார், இன்னொருவன் வேறொருத்தியிடம் போகிறான், அதனால் இந்த இரண்டு பெண்களும் ஒருவரில் ஒருவர் ஆறுதல் தேடுகிறார்கள். அசோக் கொஞ்சம் அன்பானவராக இருந்திருந்தால்? ஜதின் ஜூலியை மறந்து ஒழுங்காகக் குடும்பம் நடத்தியிருந்தால்? இந்தக் காதல் நடந்திருக்காது என்றுதான் படத்தின் கட்டமைப்பு சொல்கிறது. தீபா மேத்தாவே இது லெஸ்பியன் படம் என்பதை ஏற்கவில்லை, தனிமையைப் பற்றியது, பெண்கள் தங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியது என்றுதான் பேட்டிகளில் சொன்னார். நல்ல கணவனோ மோசமான கணவனோ, கணவனே இல்லாமலோ, பெண்ணையே விரும்பும் பெண்ணுக்கு இதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்? அவர்களுக்கென்று அபூர்வமாகப் பெரிய திரையில் ஒரு படம் வருகிறது, அதுவும் உங்களைப் பற்றியது இல்லை என்று சொல்லிவிட்டால்? ஆனாலும் ஓரிடத்தில் படம் தன் காரணத்தையே தாண்டிப் போகிறது. எல்லாம் தெரிந்துபோன பிறகு அசோக் எதிரில் நின்று ராதா, எனக்கு வாழ ஆசை, சீதாமேல் ஆசை என்று நேராகச் சொல்கிறாள். அங்கே கணவனைப் பற்றிய புகார் எதுவும் இல்லை, ஆசை மட்டும்தான் இருக்கிறது. அந்த வசனத்துக்காகவே எனக்கு இந்தப் படம் வேண்டும்.

இனி பார்வையாளர்கள். 1996இல் டொரண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்ட படம் இந்தியாவில் வெளியானது 1998 நவம்பரில். அதற்கு முன்பே தணிக்கைக் குழு ஒரு வெட்டுக்கூட இல்லாமல் 'ஏ' சான்றிதழ் கொடுத்திருந்தது, இந்திப் பதிப்பில் சீதா என்ற பெயரை நீதா என்று மாற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான். நடந்ததில் பலரும் மறந்துவிடுவது இதைத்தான்: கிட்டத்தட்ட மூன்று வாரம் படம் எந்தப் பிரச்னையும் இல்லாமல், நல்ல கூட்டத்தோடு ஓடியது. டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் யாரும் நாற்காலியை உடைக்கவில்லை. டிசம்பர் 2ஆம் தேதி மும்பை கோரேகாவ் சினிமேக்ஸ் தியேட்டருக்குள் புகுந்து கண்ணாடியை நொறுக்கியவர்கள் படம் பார்க்க வந்தவர்கள் இல்லை. மறுநாள் டெல்லி ரீகல், அப்புறம் சூரத் என்று பரவியது. மகாராஷ்டிர முதல்வர் மனோகர் ஜோஷி உடைத்தவர்களைப் பாராட்டினார். படம் மறுபடி தணிக்கைக்கு அனுப்பப்பட்டது. அந்தப் பாத்திரங்களுக்கு முஸ்லிம் பெயர்கள் வைத்தால் எதிர்ப்பை விட்டுவிடுகிறேன் என்று சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே நிபந்தனை போட்டார், ஆக அவர் கோபம் எதன்மேல் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

'இந்தியாவின் பார்வையாளர்கள் ஃபயரை நிராகரித்தார்கள்' என்று யாராவது எழுதினால் எனக்கு ஆத்திரம் வருகிறது. பார்வையாளர்கள் மூன்று வாரம் அமைதியாகப் பார்த்தார்கள், நிராகரித்தது வேறு ஆட்கள்.

சிவசேனையின் மகளிர் பிரிவு கொடுத்த மனுவில் ஒரு வாதம் இருந்தது: பெண்களின் உடல் தேவை இப்படிப் பெண்களிடமே நிறைவேறிவிட்டால் திருமணம் என்ற அமைப்பே சரிந்துவிடும், இனப்பெருக்கமே நின்றுவிடும். இதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் இதுவும் படத்தின் தர்க்கமும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. ஒரு பெண் பெண்ணிடம் போவது கணவனிடம் கிடைக்காததற்காகத்தான் என்று இரண்டு தரப்புமே நம்புகின்றன. படம் அதைப் பரிவோடு சொல்கிறது, மனு பயத்தோடு சொல்கிறது.

இதையெல்லாம் தாண்டி நின்றவர்கள் 1998 டிசம்பர் 7ஆம் தேதி ரீகல் தியேட்டர் வாசலில் மெழுகுவத்தியோடு கூடிய பெண்கள். பெண்கள் அமைப்புகள், மனித உரிமை அமைப்புகள் என்று முப்பதுக்கு மேற்பட்ட குழுக்கள் சேர்ந்து நடத்திய கூட்டம் அது, பெரும்பாலானோர் பேசியது கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி. அந்தக் கூட்டத்துக்குள் சிலர் 'இந்தியர், லெஸ்பியன்' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூட வந்தவர்களிலேயே சிலருக்கு அந்தச் சொல் சங்கடமாக இருந்தது, இப்போது எதற்கு அதை இழுக்கிறீர்கள், இது பேச்சுரிமைப் பிரச்னை என்றார்கள். ஆனால் அட்டை கீழே இறங்கவில்லை. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவு உயிரோடு இருந்த காலத்தில், நடுத்தெருவில், கேமராக்கள் முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு! அதிலிருந்துதான் 'காம்பெயின் ஃபார் லெஸ்பியன் ரைட்ஸ்' என்ற இயக்கம் பிறந்தது. இயக்குநர் சொல்லத் தயங்கியதை அந்தப் பார்வையாளர்கள் சொன்னார்கள். ஒரு படத்தை ரசிகர்கள் இதைவிட நன்றாக ஏற்றுக்கொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1999 பிப்ரவரியில் தணிக்கைக் குழு மறுபடியும் வெட்டில்லாமல் அனுமதித்தது, படம் திரும்ப வந்தபோது கலாட்டா எதுவும் நடக்கவில்லை.

பிறகு வந்த படங்களோடு வைத்துப் பார்த்தால் 'ஃபயர்' இன்னும் உயர்ந்துதான் தெரிகிறது. 2004இல் 'கேர்ள்ஃப்ரெண்ட்' என்று ஓர் இந்திப் படம் வந்தது, தோழியை விரும்பும் பெண்ணை மனநோய் பிடித்த கொலைவெறிக்காரியாகக் காட்டி கடைசியில் சாகடித்துவிடுவார்கள். அதற்கும் சிவசேனை எதிர்ப்பு, லெஸ்பியன் அமைப்புகளும் எதிர்ப்பு, காரணம்தான் நேரெதிர். நம் பக்கம் 2025 காதலர் தினத்தன்று ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'காதல் என்பது பொதுவுடமை' வந்தது. லிஜோமோல் ஜோஸ் தன் அம்மா ரோகிணியிடம் தான் காதலிப்பது ஒரு பெண்ணை என்று சொல்வதும், முற்போக்காகப் பேசும் அந்த அம்மா ஆடிப்போவதும்தான் கதை. அந்தப் பெண்ணின் காதலுக்கு எந்த மோசமான ஆணும் காரணமாகக் காட்டப்படவில்லை, 'ஃபயர்' செய்த தவறு அங்கே இல்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்தப் படம் பெற்றோரின் அதிர்ச்சியிலேயே பெரும்பகுதியைச் செலவிட்டுவிடுகிறது, காதலிக்கும் இருவரும் தனியாக இருக்கும் நேரம் குறைவு. 1996இல் வந்த படம் காரணத்தில் தவறு செய்தாலும் திரையை அந்த இரண்டு பெண்களுக்கே கொடுத்தது.

முடிவைச் சொல்லப்போகிறேன், தெரிய வேண்டாம் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். ராதாவின் சேலையில் அடுப்புத் தீ பற்றுகிறது, அசோக் தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறார், மனைவியை அப்படியே விட்டுவிட்டு. ஆனால் அவள் சாகவில்லை, தர்காவில் காத்திருக்கும் சீதாவிடம் வந்து சேர்கிறாள். பெண்ணைக் காதலித்த பெண்ணைத் தண்டிக்காமல் திரைக்கதை முடிவதே அபூர்வம், இதில் இருவருமே உயிரோடு இருக்கிறார்கள்.

பார்ப்பதென்றால் ஆங்கிலப் பதிப்பையே பாருங்கள், வசனம் கொஞ்சம் உறுத்தினாலும் பெயர் மாறாமல் இருப்பது அதில்தான், அக்கினிப் பரீட்சையைத் தொட்டுப் பேசும் கதையில் சீதாவை நீதாவாக்கினால் பாதி அர்த்தம் போய்விடும். குழந்தைகளோடு பார்க்கும் படம் இல்லை. படுக்கையறைக் காட்சிகள் சின்னவை, அழகானவை, முண்டுவின் கேசட் காட்சிதான் அதைவிடச் சங்கடப்படுத்தும். அம்மாவோடோ அக்காவோடோ நாத்தனாரோடோ பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். பூங்காக் காட்சி வரும்போது மட்டும் யாரும் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.