கல்கிசையில் தங்கி, காலி வீதியில் உடுப்பு வாங்குவது

கொழும்புக்குத் தெற்கே கல்கிசைக் கடற்கரையில் அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது: உடுப்பில் மிச்சம் பிடிக்கிற காசை ஆட்டோவில் விட்டுவிடாதீர்கள். ஆகஸ்ட் லீவுக்கு லண்டன், கனடாச் சொந்தங்கள் வந்து இறங்கினால் கடைக்குக் கூட்டிப்போகிற வேலை வெள்ளவத்தையில் இருக்கிற எங்கள் தலையில்தான் விழும். வருசக்கணக்காக அலைந்ததில் எது சரிவரும், எது சரிவராது என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

இங்கே அவுட்லெட் சரக்கு என்றால் பெரும்பாலும் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதுதான். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்ததிலிருந்து ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. ரத்தான ஓடர், கூடுதலாகத் தைத்தது, சோதனையில் கழித்தது எல்லாம் உள்ளூர்க் கடைகளுக்கு வந்து சேரும். இன்றைக்குப் பெரிய கடையாக நிற்கும் ஓடெலுக்கே தொடக்கம், ஒட்டாரா குணவர்தன காரின் டிக்கியில் வைத்து விற்ற மிகுதி உடுப்புகள்தான். போன முறை வந்த சித்தி ஒரு பிளவுஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது அங்க எங்கட வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலயும் தொங்குது பிள்ளை" என்றா. தொங்கும். இங்கே தைத்துத்தானே அங்கே போகிறது.

வாங்கும்போது கழுத்து லேபலைப் பார்க்காதீர்கள். அதை வெட்டியிருப்பார்கள், அல்லது மார்க்கரால் கோடு கிழித்திருப்பார்கள். உள்பக்க விலாத் தையலில் தொங்கும் சின்ன லேபலைத்தான் பார்க்க வேண்டும். துணி எத்தனை வீதம் பருத்தி, எப்படித் தோய்ப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். கழுத்தில் பெரிய பிராண்டின் பெயர் பளிச்சென்று இருந்து, விலாவில் ஒன்றுமே இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சில உடுப்புகளில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியபடியே இருக்கும். தொழிற்சாலையில் பிழை பார்ப்பவர் ஒட்டியது அது. அம்பு காட்டும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நூல் விட்டிருந்தால் வீட்டில் தைத்துக்கொள்ளலாம், துணியிலேயே ஓட்டை என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

பாவித்த அளவில், பிள்ளைகளின் பருத்தி உடுப்புக்கு மிஞ்சியது இல்லை. ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், தோய்த்ததும் கொஞ்சம் சுருங்கும். 116 என்று போட்டிருந்தால் அது பிள்ளையின் உயரம், சென்ரிமீற்றரில். ஏறக்குறைய ஆறு வயது. டீ சேர்ட்டும் உள்ளாடையும் நன்றாக உழைக்கும். ஸிப் வைத்த ஜக்கெட்டில் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. கடலோரமாக ஓடும் மரைன் டிரைவ் பக்கம் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்றுக்கு உலோக ஸிப் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று. சேலைக்கு இந்தக் கடைகள் சரிவராது, அதற்கு வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளே போதும்.

இனிப் போக்குவரத்து. கல்கிசை ஸ்டேஷன் கடற்கரையோடு ஒட்டியது. அங்கே கொழும்புக் கோட்டைப் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் தெஹிவளை, அடுத்தது வெள்ளவத்தை, பிறகு பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி. இடதுபக்க ஜன்னலில் இருந்தால் வழி நெடுகக் கடல். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதி, கடைகளும் அங்கேதான். காலை ஒன்பதுக்கு முன் ஏறாதீர்கள், கந்தோர் சனம் வாசலில் தொங்கிக்கொண்டு போகும். தூர ரயில்கள் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காமலே போய்விடும், ஆகவே ஏறுமுன் கேளுங்கள்.

திரும்பி வருவதுதான் கரைச்சல். பின்னேரம் ஐந்து மணிக்குக் கைநிறையப் பையோடு மொறட்டுவைப் பக்கம் போகும் ரயிலில் ஏறுவது நடக்கிற காரியமில்லை. நாலுக்கு முன் கிளம்பினால் 100 அல்லது 101 பஸ்ஸில் இருந்துகொண்டே வரலாம். பிந்திவிட்டால் ஆட்டோதான். ஹோட்டல் வாசலிலும் பெரிய கடை வாசலிலும் காத்து நிற்பவற்றைக் கேட்டால் வாய்க்கு வந்த தொகையைச் சொல்வார்கள். ஒரு நூறு அடி தள்ளி நின்று, வீதியில் ஓடி வருவதை மறியுங்கள், மீட்டரைப் போட்ட பிறகு பையை ஏற்றுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கந்தோர் ரயில்கள் ஓடாது, கொழும்புச் சந்தைப் பகுதியான புறக்கோட்டையிலும் பெரும்பாலான கடைகள் பூட்டு. காலி வீதியில் பல கடைகள் திறந்திருக்கும், வாகன நெரிசலும் குறைவு. அன்றைக்கு ஸ்டேஷனில் காத்திருக்காமல் நேரே பஸ்ஸைப் பிடியுங்கள்.