பெரட்டுக்கு முன் கழுவிவிடக்கூடிய புருவம்: குளூ ஸ்டிக் மலையகக் குளிருக்குத் தாங்குமா?

ட்ராக் என்பது பெரும்பாலும் ஆண்கள் பெண்ணாக மிகைப்படுத்தி ஒப்பனை செய்து மேடையேறுகிற வேடம். அதன் முதல் வேலை புருவத்தை இல்லாமல் ஆக்குவது. உதடு, கன்னம், விக் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆணின் புருவம் பெரும்பாலும் தடித்து, கண்ணை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு மேலே எவ்வளவு வடிவாக வரைந்தாலும் பார்ப்பவருக்கு நான்கு புருவம் தெரியும். உலகம் முழுக்க ட்ராக் கலைஞர்கள் இதற்குப் பாவிப்பது பாடசாலைப் பிள்ளைகள் கடதாசி ஒட்டுகிற குளூ ஸ்டிக். இலங்கை மலையகத்தின் அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துப் பனிமூட்டத்தில் அது எங்கே நிற்கும், எங்கே கைவிடும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்குங்கள். மூடுகிற திறமையில் இதைவிட நல்ல பொருள்கள் இருக்கின்றன. கழுவினால் போகிற குணத்தில் இதற்கு ஈடு இல்லை.

மழித்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்து வந்த ட்ராக் நடிகர் டிவைன் (1945–1988) அப்படித்தான் செய்தார். கண்ணுக்கு மேலே வரைய இடம் போதாது என்று, அவருடைய ஒப்பனைக் கலைஞர் வான் ஸ்மித் புருவத்தோடு முன்நெற்றி முடியையும் பின்னுக்கு மழித்துவிட்டார். பார்ப்பவரை வேண்டுமென்றே திடுக்கிட வைக்கிற முகம் அது. லண்டனில் மேடைக் கலைஞர் லீ பவரி (1961–1994) மொட்டைத் தலையின் உச்சியிலிருந்து முகத்தில் வர்ணம் வழியவிட்டு வந்து நின்றார். இவர்களுடைய வேலையே மேடை. இங்கே இரவில் பாடி ஆடுகிறவர் விடிந்ததும் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்திலோ, ஃபெக்டரியிலோ, வகுப்பறையிலோ நிற்கவேண்டும். மழித்த புருவம் பழையபடி வளர மூன்று நான்கு மாதமாவது ஆகும். அத்தனை நாளும் பஸ்ஸிலும் கடையிலும் வீட்டிலும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மன்மதன், ரதி கதையை மாசியில் ஆடுகிற காமன் கூத்தில் ரதி வேடம் கட்டுகிற ஆண்களும் காலையில் வேலைக்குப் போகிறவர்கள்தான். ரதி நேர்ச்சையும் விரதமும் உள்ள வேடம். அதை ட்ராக்கோடு ஒன்றாக்கிப் பேசுவது சரியில்லை. ஆனால் மாசிக் குளிரில் இரவிரவாக ஒப்பனை நிற்கவேண்டும் என்ற சிக்கல் இருவருக்கும் பொது. ஆகவே கீழே சொல்வது அவர்களுக்கும் உதவும்.

குளூ ஸ்டிக் பிறந்த கதையே பொருத்தமானது. ஜெர்மனியின் ஹென்கல் நிறுவனம் 1969இல் ‘பிரிட்’ என்ற பெயரில் முதல் ஸ்டிக்கை விற்பனைக்கு விட்டது. லிப்ஸ்டிக் குழாயைப் பார்த்து வந்த யோசனை அது. இப்போது கிடைக்கிற பல ஸ்டிக்குகளில் ஒட்டுகிற பொருள் பி.வி.பி என்ற நீரில் கரையும் பொலிமர். முன்பு ஹேர் ஸ்ப்ரேயில் முடியை நிறுத்தியதும் இதே பொருள்தான். அதற்குக் குச்சி வடிவம் கொடுப்பது சவர்க்காரக் கூழ். பசை நீரில் கரையும், குச்சி சவர்க்காரக் கூழால் நிற்கும்: இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற எல்லாக் கோளாறுக்கும் காரணம் புரியும்.

ஊதா நிற ஸ்டிக்கே நல்லது. பூசாமல் விட்ட இடம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஊதா மறைந்துவிட்டால் காய்ந்துவிட்டது என்று நம்பவேண்டாம். அந்தச் சாயம் ஒரு அமில, காரக் காட்டி. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு பட்டுக் காரத்தன்மை குறையும்போது நிறம் போகும். அடியில் ஈரம் அப்படியே இருக்கலாம். விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் காயவில்லை. குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் காயவில்லை.

8 கிராம் ஸ்டிக் போதும். 40 கிராம் ஸ்டிக்கின் முனை அகலமாக இருப்பதால் கண்ணிமைக்கு இறங்கிவிடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரவில் அங்கே ஸ்டிக் மெழுகுதிரி மாதிரி இறுகிப்போகும். அப்படியே தேய்த்தால் முடியை இழுக்கும், பசை இறங்காது. பத்து நிமிடம் சட்டைக்குள் உடம்போடு வைத்திருந்தால் இளகிவிடும். சுடுதண்ணீரில் முக்கவேண்டாம்.

இனிப் பூசுகிற முறை. புருவத்தைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவித் துடையுங்கள். கூத்து ஒப்பனையில் முகத்துக்கு முதலில் தேங்காயெண்ணெய் தடவுகிற வழக்கம் உண்டு. புருவத்தில் மட்டும் அதைச் செய்யக்கூடாது. எண்ணெய் உள்ள முடியில் இந்தப் பசை பிடிக்கவே பிடிக்காது. முதல் பாட்டு முடியுமுன் முடி முள் மாதிரி எழும்பி நிற்கும். முதல் பூச்சு முடி வளர்கிற திசைக்கு எதிராக, நெற்றிப்பொட்டுப் பக்கத்திலிருந்து மூக்கை நோக்கி. முடியின் அடிப்பக்கத்துக்குப் பசை போவதற்கு இது ஒன்றே வழி. அடுத்து முடியின் திசையில், சற்று மேல்நோக்கி. பழைய பல்தூரிகையால் முடியை மேலே சீவி விசிறி மாதிரிப் பரப்புங்கள். முடி முடிமேல் ஏறக்கூடாது. ஏறிய இடத்தில் மேடு விழும். கரண்டியின் முதுகைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு ஒருதரம் அழுத்தினால் தட்டையாகப் படியும்.

பிறகு காத்திருக்கவேண்டும். கொழும்பில் மூன்று நிமிடத்தில் காய்கிற பூச்சு இங்கே பனி இறங்கிய நேரத்தில் எட்டு, பத்து நிமிடம் எடுக்கும். ஹேர் ட்ரையர் இருந்தால் குளிர்க்காற்றில் வையுங்கள். சூடு பிடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே அடைபட்ட ஈரம் பின்னால் கொப்புளமாக எழும். முதல் பூச்சு காய்ந்ததும் நிறமில்லாத பவுடரை ஒற்றி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, இரண்டாவது பூச்சு. மெல்லிய புருவத்துக்கு இரண்டு, தடித்த புருவத்துக்கு மூன்று. நாலாவது போடவேண்டாம். தடித்த பசை காய்ந்ததும் விறைக்கும். நெற்றியைச் சுருக்கிக் கத்திப் பாடுகிறவருக்கு அது குறுக்கே வெடிக்கும். மெட்டல், பங்க் பாடகர்கள் இரண்டு பூச்சோடு நிறுத்தி, மிச்சத்தை வர்ணத்தால் மூடுவதே நல்லது.

பசை முடியைப் படுக்க வைக்கும். கருமையை அது மறைக்காது. நம்முடைய மாநிறத் தோலில் கறுப்புப் புருவத்தின்மேல் நேரே பவுண்டேஷன் பூசினால் சாம்பல் நிறத் திட்டு தெரியும். முதலில் தோடம்பழ நிறக் கன்சீலர் வேண்டும். கிடைக்காவிட்டால் செங்கல் நிற லிப்ஸ்டிக்கை விரலில் எடுத்து மெல்லிதாக ஒற்றலாம். அதன்மேல் பவுடர், அதன்மேல் கிறீம் அல்லது எண்ணெய் ஸ்டிக் பவுண்டேஷன், மறுபடி பவுடர். தண்ணீர் சேர்த்துப் பூசுகிற கேக் வர்ணத்தை இந்த இடத்தில் தொடவேண்டாம். தண்ணீர் பட்டதும் பசை கரைந்து, செய்த வேலை எல்லாம் ஸ்பொஞ்சோடு வந்துவிடும். எந்த நிலையிலும் ஸ்பொஞ்சை இழுக்கக்கூடாது, ஒற்றவேண்டும். ஒரு எச்சரிக்கை: கோயில் திடல்களில் தரையில் வைத்து மேல்நோக்கி அடிக்கிற போகஸ் லைட்டில் எந்தப் புருவ மேடும் தெரியும். வேடம் கட்டுகிற அறையிலேயே டோர்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக் கண்ணாடியில் பார்த்துவிடுங்கள்.

மலையகத்தில் உண்மையான எதிரி மழையல்ல, பனிமூட்டம். மழைக்கு ஒதுங்கலாம். பனி கூடாரத்துக்குள்ளும் வரும். பி.வி.பி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். காய்ந்த பிறகும் ஈரக்காற்றில் நிற்க நிற்க மெல்ல இளகிப் பிசுபிசுக்கும். தப்பு என்ற தோல்பறை அடிக்கிற தப்புக்காரர்களுக்கு இது புதிதல்ல. தப்பின் தோலும் இதே காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் தொய்கிறது. அதனால்தான் பக்கத்தில் நெருப்பு வைத்து அடிக்கடி காய்ச்சி எடுக்கிறார்கள். தப்பு தொய்ந்து சத்தம் மந்தமாகிற இரவில் உங்கள் புருவமும் இளகத் தொடங்கியிருக்கும். இதைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தேவையில்லை.

அந்த நெருப்பைப் புருவம் காய வைக்கவும் பாவிக்கலாம். இரண்டு கை தூரத்தில், கண்ணை மூடிக்கொண்டு, விக் போடுமுன் மட்டும். செயற்கை நார் விக்கும் அதில் அடித்த ஸ்ப்ரேயும் தீப்பொறிக்குத் தாங்காது. விக் போட்டபின் நெருப்புப் பக்கம் போகவே வேண்டாம்.

மேடையேறிய பின் முதலில் கிளம்புவது புருவத்தின் வால். வியர்வை நெற்றிப்பொட்டு வழியாக இறங்குகிற இடம் அது. வால் பகுதிக்கு மட்டும் கூடுதலாகப் பவுடர் அமர்த்தி, கடைசியில் மேக்கப் நிறுத்துகிற ஸ்ப்ரேயை ஒரு முழத் தூரத்திலிருந்து, மெல்லிதாக, இரண்டு தரம் அடித்தால் இரண்டு மூன்று மணித்தியாலம் தாங்கும். கிளம்பினால் மேலே மறுபடி பசை பூசாதீர்கள். பவுடரும் பசையும் சேர்ந்து உருண்டு திரளும். காய்ந்த விரலால் பத்து விநாடி அழுத்திப் பிடித்துப் பவுடரை ஒற்றுங்கள். விடியும்வரை ஆடுகிற கூத்துக்கு நடுவில் ஒருதரம் இப்படிச் சரிபார்க்கவேண்டும். ஒரே பூச்சில் விடியும்வரை நிற்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

வேறு பொருள்களும் புழக்கத்தில் இருக்கின்றன. தாடி மீசை ஒட்டுகிற ஸ்பிரிட் கம் மரப்பிசினை அற்ககோலில் கரைத்தது. ஈரத்துக்கு அசையாது, குளூ ஸ்டிக்கைவிட நன்றாக நிற்கும். ஆனால் அதற்கென உள்ள கரைப்பான் இல்லாமல் எடுத்தால் புருவ முடியும் கூடவே வரும், அதன் ஆவி கண்ணையும் எரிக்கும். புருவ மெழுகு குளிரில் விறைத்துச் செதிலாக உடையும். போத்தல் கம் காய அரை மணித்தியாலம் ஆகும். காய்ந்தால் தோல் மாதிரி முழுதாக உரிந்துவிடும். சுப்பர் குளூவைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது. இமை ஒட்டினால் ஆஸ்பத்திரிதான்.

பழைய அரிதாரம் பற்றியும் சொல்லவேண்டும். மூத்தவர்கள் தூளாக வாங்கி எண்ணெயில் குழைத்த அரிதாரத்தில் ஆசனிக்கு இருக்கிறது. சாதிலிங்கத்தில் பாதரசம் இருக்கிறது. நிறம் அழகுதான். இன்றைக்கு அதே மஞ்சளும் சிவப்பும் ஒப்பனை ஸ்டிக்கிலேயே கிடைக்கின்றன. பூசிய கையால் வெற்றிலை போடுகிற பழக்கம் உள்ள இடத்தில் அந்தத் தூளை இன்னும் வைத்திருப்பது ஆபத்து. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஒருவர் ஸ்டிக்கை மற்றவருக்குக் கொடுக்கவேண்டாம். கண்நோய் ஒரு இரவில் முழுக் குழுவுக்கும் பரவும். மூடியைச் சரியாகப் போடாவிட்டால் முனை காய்ந்து தோல் கட்டும். பிளேட்டால் இரண்டு மில்லிமீற்றர் சீவினால் உள்ளே நல்ல பசை இருக்கும்.

கலைக்கும் போதுதான் இந்தப் பொருளின் அருமை தெரியும். மேலுள்ள எண்ணெய் வர்ணத்தைத் தேங்காயெண்ணெயால் துடைத்தெடுங்கள். பசையை எண்ணெய் அசைக்காது. பிறகு துவாயை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் புருவத்தின்மேல் மூன்று நிமிடம் வைத்திருங்கள். தேய்க்கவேண்டாம், வைத்திருந்தால் போதும். பசை வழுவழுப்பாக இளகிவரும். முடியின் திசையில் வழித்து, சவர்க்காரம் போட்டுக் கழுவினால் முடிந்தது. பைப் தண்ணீர் மட்டும் இருக்கிற லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பச்சைத் தண்ணீராலும் போகும்; பத்து நிமிடமாவது எடுக்கும். கடைசியாக ஈரச் சீப்பால் முடியை எதிர்த்திசையில் ஒருதரம் வாருங்கள். முடியின் அடியில் வெள்ளைச் செதில் தங்கியிருக்கும். அறை விளக்கில் அது கண்ணுக்குத் தட்டாது. வாசலுக்கு வந்து, விடிகிற வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.