முதல் பிரசவம் சிசேரியனா? ‘நார்மல் பார்க்கலாம்’ என்ற பேச்சை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இரண்டாவது குழந்தைக்குக் காத்திருப்பவர்கள், முதல் பிரசவம் சிசேரியன் என்றால் இதை அவசியம் படியுங்கள்.

குழந்தை தலை திரும்பாததால் என் மூத்தவள் சிசேரியனில் பிறந்தாள். அடுத்ததாவது சுகப்பிரசவமாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எங்கள் பகுதியில் ஒரு நர்சிங் ஹோமில், “தாராளமா நார்மல் பார்க்கலாம்மா” என்றார்கள். அதற்கென்று தனி பேக்கேஜ், முன்பணம். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் கேட்டேன், அதே பதில்தான். ஆனால் என் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் பெரும்பாலும் முயன்று பார்க்கலாம். மேலிருந்து கீழாக வெட்டியிருந்தால் கூடாது. வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது.

ஒன்பதாம் மாதக் கடைசியில் பேச்சு மாறியது. பழைய தையல் மெலிந்துவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார்கள். எத்தனை மில்லிமீட்டர் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பதில் இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் அப்படி ஒரு வரி இல்லை. “குழந்தை உயிர் முக்கியமா, நார்மல் முக்கியமா?” என்று என் மாமியார் எதிரிலேயே கேட்டால் யார்தான் கையெழுத்துப் போடமாட்டார்கள்? அப்புறம் வார்டில்தான் தெரிந்தது: அங்கே இரவில் மயக்க மருந்து டாக்டர் இருப்பதே இல்லை. ரத்தமும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். பேக்கேஜுக்குக் கட்டிய பணத்தையும் கழிக்காமல் சிசேரியனுக்குத் தனி பில் போட்டார்கள்.

ஆபரேஷன் நடந்ததில் எனக்குக் கோபமில்லை. இப்படி முயல்பவர்களில் 100க்கு 60 முதல் 80 பேருக்குத்தான் சுகப்பிரசவம் ஆகிறது. மற்றவர்களுக்குப் பாதியில் சிசேரியன்தான். வலியின்போது பழைய தையல் பிரியும் ஆபத்து ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு உண்டு. பிரிந்துவிட்டால் தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அதனால்தான் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் மூன்றும் 24 மணி நேரமும் தயாராக இருக்கும் இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அந்த வசதி தங்களிடம் இல்லை என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரியும். அன்றே சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேன். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை பஸ்ஸில் போகிற தூரம்தான். அங்கே போய்க் கேட்டிருக்கலாம். ஆசை காட்டிக் கடைசிவரை பிடித்து வைத்துக்கொண்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு அவசரம் என்றால் மயக்க மருந்து டாக்டர் எங்கே இருப்பார்? பாதியில் சிசேரியன் ஆனால் பில் எவ்வளவு? இரண்டாவதை எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே என்னைப் போல் மாட்டியவர்கள், கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. எங்களிடம் இழுத்தடித்தார்கள், விதியைச் சொன்ன பிறகே கொடுத்தார்கள். தையலின் அளவு அதிலும் இல்லை. அந்த நகலோடு நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறோம்.